ஆறு முழுக்கத் தண்ணீர், இன்ஜின் மட்டும் கொதிக்கிறது

ஒரு லிட்டர் டீசலுக்குள் இருக்கும் ஆற்றலை வீட்டுக் கரண்ட் மீட்டர் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 10 யூனிட் வரும். அதில் படகைத் தள்ளக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்குதான். இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. மிச்சப் பங்கு இன்ஜினின் இரும்பிலேயே தங்கிவிடப் பார்க்கும். 40 குதிரைத்திறன் இன்ஜின் ஒன்று முழுச் சுமையில் மணிக்கு 9 லிட்டர் டீசல் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போவது 90 யூனிட். புரொப்பெல்லருக்கு 30, புகைக்கு 30 போக, மீதி 30 யூனிட் சூட்டை ஒவ்வொரு மணி நேரமும் எதுவோ ஒன்று சுமந்துபோய் வெளியே கொட்டியாக வேண்டும். கணக்கு தோராயம்தான், இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். ஆனால் கொட்டும் வேலை நின்றால் சில நிமிடத்தில் சூட்டு மீட்டரின் முள் சிவப்புக்குப் போகும் என்பதில் மாற்றமில்லை.

லாரியில் அந்தச் சுமையைக் காற்று சுமக்கிறது. சங்ககிரியிலிருந்து கிளம்பும் லாரிக்கு முன்னால் ரேடியேட்டர், அதன் பின்னால் ஃபேன், ஓடுகிற வேகத்துக்கு எதிர்க்காற்று. படகின் நடுவில், பலகைக்கு அடியில் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் உள்பொருத்து இன்ஜினுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அதற்குப் பதிலாகக் கீழேயே ஆறு ஓடுகிறது. பூலாம்பட்டிக்கும் நெருஞ்சிப்பேட்டைக்கும் நடுவே கதவணைத் தண்ணீரைக் கடப்பதானாலும் சரி, மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடித் துறையிலிருந்து எதிர்க்கரைக்குப் போவதானாலும் சரி, படகைத் தாங்குகிற தண்ணீரே இன்ஜினையும் குளிர வைத்துவிடலாம். அப்படியிருந்தும் இன்ஜின் கொதிக்கிறது என்றால், அந்தத் தண்ணீர் வர வேண்டிய வழியில் எங்கேயோ தடை.

வழி இதுதான். படகின் அடியில் ஒரு துளை, அதில் ஒரு வால்வு. அங்கிருந்து ஹோஸ் வழியாக ஒரு வடிகட்டி. அடுத்து பம்பு. பம்பு அந்த ஆற்றுத் தண்ணீரை வெப்பமாற்றி என்கிற உருளைக்குள் தள்ளும். உருளைக்குள் மெல்லிய குழாய்கள் கட்டுக்கட்டாக இருக்கும். குழாய்க்குள் ஆற்றுத் தண்ணீர், குழாய்க்கு வெளியே கூலன்ட், அதாவது இன்ஜினைச் சுற்றி வந்து அதைக் குளிர்விக்கும் திரவம். இரண்டும் கலப்பதில்லை, சூடு மட்டும் கைமாறும். பிறகு அந்த ஆற்றுத் தண்ணீர் புகைக்குழாய் வளைவில் புகையோடு கலந்து, புகையையும் ஆற்றி, படகின் பின்னால் கொட்டும். கூலன்டுக்குத் தனிப் பம்பு உண்டு. அதை ஓட்டுவது பெரும்பாலும் பெல்ட்.

கடலில் ஓடும் படகுக்கு இந்த இரட்டைச் சுற்று ஏறக்குறைய கட்டாயம். உப்புத் தண்ணீரை நேராக இன்ஜினுக்குள் விட்டால் இரும்பு அரிப்பது ஒருபுறம், சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு படிவது மறுபுறம். அதனால்தான் கடல்நீரை நேரடியாகச் சுற்றவிடும் பழைய இன்ஜின்களை 60 டிகிரி பக்கத்திலேயே ஓட வைப்பார்கள். ஆற்றில் அந்தப் பயம் குறைவு. ஆற்றுத் தண்ணீரை நேராக இன்ஜினுக்குள் விட்டு வெளியே கொட்டுகிற எளிய ஏற்பாடும் செல்லும். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. கரண்ட் வராத காலத்தில் கிணற்று மேட்டில் நின்ற ஆயில் இன்ஜின், தான் இறைத்த தண்ணீரிலிருந்தே ஒரு சின்னக் குழாய் பிரித்துத் தன்னைக் குளிர்வித்துக்கொண்டது. ஆற்றில் வேறு தொல்லை: வண்டல். மேட்டூரில் உபரி நீர் திறந்துவிட்ட பிறகு வரும் கலங்கல் தண்ணீரை இறைத்தால், அதிலுள்ள மண் இன்ஜினுக்குள் தண்ணீர் மெதுவாக ஓடும் மூலைகளில் போய் உட்கார்ந்துவிடும்.

நம் பக்கம் கடல் இல்லை; படகு இன்ஜினுக்கென்று தனி மெக்கானிக்கைத் தேடினாலும் எளிதில் கிடைக்க மாட்டார். லாரி, டிராக்டர், போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி என்று டீசலிலேயே வளர்ந்தவர்கள்தான் வந்து பார்ப்பார்கள். கைத்திறமைக்குக் குறைவே இல்லை. ஒரே ஒரு பழக்கம்தான் இடிக்கிறது.

“தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிட்டாப் போதுங்ண்ணா, ஜம்முனு ஓடும்.”

“அதைத்தான் போன தடவையே கழட்டிட்டுப் போனீங்களே தம்பி.”

தெர்மோஸ்டாட் என்பது ஒரு மெழுகு வால்வு. செம்புக் குப்பிக்குள் இருக்கும் மெழுகு குறிப்பிட்ட சூட்டில் உருகி விரிந்து வால்வைத் திறக்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்டை வெப்பமாற்றிக்கு அனுப்பாமல் உள்ளேயே சுற்ற விடும். சூடேறியதும் வழி திறக்கும். பல இன்ஜின்களில் அது திறக்கும்போதே உள்சுற்று வழியை அடைக்கவும் செய்கிறது. கழற்றிவிட்டால் அந்த உள்சுற்று எப்போதும் திறந்தே கிடக்கும். கூலன்டில் ஒரு பகுதி வெப்பமாற்றிப் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே வட்டமடிக்கும். ஆக, சூட்டைக் குறைக்கக் கழற்றியதே முழுச் சுமையில் சூட்டை ஏற்றிவிடும். அரைச் சுமையில் நேர் எதிர்: இன்ஜின் சூடே ஏறாமல் ஓடி, டீசல் சரியாக எரியாமல் ஆயிலில் கலந்து, சிலிண்டர் தேயும். சந்தேகம் இருந்தால் கழற்றி வீச வேண்டாம், சோதிக்கலாம். நூலில் கட்டி, தெர்மாமீட்டரோடு சேர்த்து ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். திறக்க வேண்டிய டிகிரி பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். அந்தச் சூட்டை ஒட்டித் திறக்க ஆரம்பித்தால் அதன் மேல் குற்றமில்லை. செலவு ஒரு அடுப்புக் காசு.

கீழ்பவானி வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் போய் வயலைத் தோண்டிப் பார்ப்பதில்லை. கரையோடு மேலே நடந்து, எந்த இடம்வரை தண்ணீர் வருகிறது, எந்த மதகுக்குக் கீழே வரவில்லை என்று பார்ப்பார்கள். சூட்டுக்கும் அதே நடைதான். உதிரி பாகத்தை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது வயலைத் தோண்டுகிற வேலை.

முதலில் இன்ஜின் நிஜமாகவே சூடாகிறதா? சிரிக்க வேண்டாம், மீட்டர் பொய் சொல்வது அடிக்கடி நடக்கும். இன்ஜினில் பொருத்திய சென்சாரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும். அதை வைத்துத்தான் முள் நகர்கிறது. பெரும்பாலான மீட்டர்களில், சென்சாருக்குப் போகும் ஒயர் தேய்ந்து இன்ஜின் இரும்பைத் தொட்டுவிட்டால் முள் நேராகச் சிவப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். சென்சாரிலிருந்து ஒயரைப் பிடுங்குங்கள். முள் கீழே இறங்கினால் ஒயரில் கோளாறு இல்லை. இறங்காமல் அங்கேயே நின்றால் கொதிப்பது இன்ஜின் அல்ல. இதற்கு நேர்மாறான பொய்தான் ஆபத்தானது: கூலன்ட் வற்றி, சென்சாரைச் சுற்றித் தண்ணீரே இல்லாமல் காற்று நின்றால், உள்ளே வெந்துகொண்டிருக்கும்போதே முள் சாதுவாக நிற்கும். அதனால் தொடாமலே சூட்டை அளக்கும் அகச்சிவப்பு தெர்மாமீட்டர் ஒன்று கையில் இருப்பது நல்லது. ஒரு எச்சரிக்கை: பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும். அளக்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் அளக்க வேண்டும்.

அடுத்து படகின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். புகையோடு தண்ணீர் எவ்வளவு கொட்டுகிறது? நம் 40 குதிரைத்திறன் இன்ஜினின் கணக்கை இங்கே கொண்டு வருவோம். மணிக்கு 30 யூனிட், அதாவது 30 கிலோவாட் சூட்டை ஏற்றிக்கொண்டு ஆற்றுத் தண்ணீர் வெப்பமாற்றியில் 15 டிகிரி சூடேறலாம் என்றால், நிமிடத்துக்கு சுமார் 29 லிட்டர் ஓட வேண்டும். 10 லிட்டர் பக்கெட்டைப் பிடித்தால் 20 வினாடியில் நிரம்ப வேண்டும். 40 வினாடி ஆகிறதா? ஓட்டம் பாதியாகிவிட்டது, அதே சூட்டைச் சுமக்கத் தண்ணீர் 30 டிகிரி ஏறியாக வேண்டும். புகையோடு வெள்ளையாக ஆவியும் வருகிறது, புகைக்குழாயின் சத்தமும் வறட்டுச் சத்தமாக மாறிவிட்டது என்றால் பக்கெட்டே தேவையில்லை. படகுக்காரர் காது அதைச் சொல்லிவிடும்.

ஓட்டம் குறைவு என்று தெரிந்ததும் கீழிருந்து தொடங்குங்கள். துறையில் கட்டும்போது மூடிய வால்வைத் திறக்க மறந்தது உட்பட எதையும் விடக்கூடாது. காவிரியில் கதவணைகளுக்கு நடுவே தேங்கும் தண்ணீரில் ஆகாயத்தாமரை ஒதுங்கும் இடங்களில் வடிகட்டியைத் திறந்து பாருங்கள். இலை வராது. கறுத்த, மயிர்மயிரான வேர்தான் சிக்கு விழுந்த நூலாகச் சுருண்டு, அதன் நடுவே நத்தை ஓடும் சேறும் அப்பியிருக்கும். கோடையில் மேட்டூர் நீர்மட்டம் இறங்கி, பண்ணவாடியில் மூழ்கிக் கிடந்த நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிகிற நாட்களில், கரையோரம் ஆழமில்லாமல் புரொப்பெல்லரே சேற்றைக் கிளப்பிவிடும். அப்போதெல்லாம் வடிகட்டியை வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது போதாது, ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும்.

வடிகட்டி சுத்தம் என்றால் பம்பு. இது கோயம்புத்தூர்ப் பம்பு அல்ல. நம் ஊர்க் கிணற்றுப் பம்பில் காற்று புகுந்துவிட்டால் மேலே மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினால்தான் இழுக்கும். சுழல்வேகத்தால் தள்ளுகிற பம்புக்குக் காற்றைத் தள்ளும் தெம்பு கிடையாது. படகுப் பம்பின் உள்ளே இருப்பது இம்பெல்லர் என்கிற ரப்பர் இறக்கைச் சக்கரம். அதன் இறக்கைகள் வளையும். பம்பு வீட்டின் உட்சுவரில் ஒரு பக்கம் மேடு உண்டு. இறக்கை மேட்டில் ஏறும்போது மடங்குகிறது, இரண்டு இறக்கைக்கு நடுவே இருக்கும் இடம் சுருங்கித் தண்ணீர் வெளியே பிதுங்குகிறது. மேடு தாண்டியதும் நிமிர்கிறது, இடம் விரிந்து தண்ணீரை உறிஞ்சுகிறது. காற்றையும் இப்படியே உறிஞ்சிவிடும் என்பதால் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. ஆனால் சுவரில் உரசும் ரப்பருக்கு அந்தத் தண்ணீர்தான் எண்ணெய். வறண்டு ஓடினால் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே கருகிவிடக்கூடும்.

பம்பின் முன்மூடியில் இருக்கும் சின்ன ஸ்குரூக்களைக் கழற்றினால் எல்லாம் தெரியும். நல்ல இம்பெல்லரின் இறக்கை விரலால் மடக்கினால் துள்ளி நிமிரும். கெட்டது மடங்கியபடியே கிடக்கும், அடியில் கீறல் ஓடியிருக்கும், நுனி மினுமினுப்பாகத் தேய்ந்திருக்கும். இறக்கைகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால், புது இம்பெல்லர் போட்டுவிட்டு மூடியை மாட்டிக் கிளம்பக் கூடாது. அந்த ரப்பர்த் துண்டு எங்கேயும் போகவில்லை. தண்ணீரோடு போய் வெப்பமாற்றியின் வாயில் சில குழாய்களை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். “புது இம்பெல்லர் போட்டும் ஹீட் ஆகுதுங்க” என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இந்தத் துண்டுதான். மூடியின் உட்புறத்தையும் நகத்தால் தடவிப் பாருங்கள். வட்டக் கோடு விழுந்து பள்ளமாகியிருந்தால், அந்த இடுக்கு வழியே தண்ணீர் திரும்பிக் கசியும். மெதுவாக ஓடும்போதுதான் இது அதிகம் தெரியும்.

பம்பும் சரி, ஓட்டம் மட்டும் குறைவு என்றால் உறிஞ்சும் பக்கத்து ஹோஸைச் சந்தேகியுங்கள். எங்கள் பக்கத்துப் பழைய கிணறுகளில் மோட்டாரை மேட்டில் வைக்காமல் உள்ளே பாதி ஆழத்தில் திட்டு கட்டி இறக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பம்பும் தண்ணீரை இழுப்பதில்லை. பம்பு வெற்றிடம் உண்டாக்க, வெளியே இருக்கும் காற்றழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. ஏட்டுக் கணக்கில் அதன் எல்லை 10.3 மீட்டர், நடைமுறையில் 7 மீட்டர் சொச்சம். படகில் ஏற வேண்டிய உயரம் ஒரு மீட்டர்கூட இருக்காது. ஆனாலும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் இணைப்பில் ஓட்டை விழுந்தால் அதே கதைதான்: இன்ஜின் ஓடும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வடிகட்டி மூடியின் ரப்பர் வாசர் விறைத்துப் போயிருந்தால் இதுதான் நடக்கும். கண்ணாடி மூடி என்றால் குமிழி ஓடுவது தெரியும். ஹோஸும் சூது செய்யும். வெளியே புதிதாகத் தெரியும். உள்ளே ரப்பர் அடுக்கு உரிந்து தொங்கும். மெதுவாக ஓட்டினால் வழிவிடும், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் உறிஞ்சலில் ஒட்டிக்கொண்டு வழியை மூடும்.

சரி, பக்கெட் 20 வினாடியில் நிரம்புகிறது, இன்ஜினும் நிஜமாகவே சூடாகிறது. இங்கேதான் பலரும் திகைத்து நிற்பார்கள். மூன்று கழித்தல் கணக்கு போட்டால் பாதித் திகைப்பு தீரும்.

இன்ஜினைச் சுமையோடு ஓட்டி, சூடு ஒரு நிலைக்கு வந்ததும் வெப்பமாற்றியில் நான்கு இடத்தில் அளக்க வேண்டும்: ஆற்றுத் தண்ணீர் நுழையும் இடம், வெளியேறும் இடம், கூலன்ட் நுழையும் இடம், வெளியேறும் இடம். தண்ணீர் வெளியேறும் சூட்டைப் புகைக்குழாய் வளைவுக்கு முன்னாலேயே எடுக்க வேண்டும்; தாண்டினால் புகையின் சூடும் சேர்ந்துவிடும். ஆற்றுத் தண்ணீரின் இரண்டு அளவுக்கும் வித்தியாசம் பெரிதா? ஆற்றுத் தண்ணீர் ஓட்டம் குறைவு. பக்கெட் சொன்னதே இங்கேயும் தெரியும். கூலன்டின் இரண்டு அளவுக்கும் வித்தியாசம் பெரிதா? கூலன்ட் சுற்றவில்லை: பெல்ட் வழுக்குகிறது, கூலன்ட் பம்பின் இறக்கை அரித்துவிட்டது, தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கவில்லை, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது. இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்க, வெப்பமாற்றிக்குப் போகும் கூலன்ட் குழாய் கைக்குச் சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி ஒட்டிக்கொண்டது என்று கிட்டத்தட்ட முடிவே செய்யலாம்.

மூன்றாவது கழித்தல்தான் எனக்குப் பிடித்தது. இரண்டு பக்கமும் வித்தியாசம் எப்போதும் இருக்கும் அளவில்தான் இருக்கிறது, ஆனால் கூலன்டுக்கும் ஆற்றுத் தண்ணீருக்கும் இடையே உள்ள இடைவெளி விரிந்துவிட்டது. இரண்டும் நன்றாகவே ஓடுகின்றன. சூடுதான் குழாய்ச் சுவரைத் தாண்டச் சிரமப்படுகிறது. சுவரில் படிவு. இதைப் பிடிக்க வேண்டுமானால் இன்ஜின் நன்றாக இருக்கும்போதே நான்கு அளவையும் எடுத்து, இன்ஜின் பெட்டி மூடியின் உட்புறம் மார்க்கரில் எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதி வைக்காதவருக்கு எந்த எண்ணும் எதையும் சொல்லாது.

படிவின் கொடுமையை எண்ணில் பார்க்கலாம். வெப்பமாற்றிக் குழாய்களைச் செய்யும் செம்பு நிக்கல் கலவையோடு ஒப்பிட்டால் சுண்ணாம்புப் படிவு சூட்டைக் கடத்துவது ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். 1 மில்லிமீட்டர் படிவு, குழாய்ச் சுவரை 20 மில்லிமீட்டர் தடிமனாக்கியதற்குச் சமம். பெரும்பாலான உப்புகள் சூட்டில் அதிகம் கரையும். சுண்ணாம்பு அதற்கு நேர்மாறு, சூடான இடமாகப் பார்த்துப் படியும். போர் தண்ணீரைக் காய்ச்சும் வெந்நீர் அண்டாவின் அடியைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அப்படி இருந்தும் கூலன்ட் குறைந்தால் பக்கத்துத் தோட்டத்துப் போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்! டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்டும் கலந்து ஊற்றுங்கள், அவசரத்துக்கு ஊற்றியதைக் கரைக்கு வந்ததும் மாற்றுங்கள். படிந்துவிட்ட சுண்ணாம்பை எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துக் கரைக்கலாம், நுரைத்துக்கொண்டு வரும். அலுமினியப் பாகங்களில் அமிலம் படக்கூடாது.

எல்லாமே சரியாக இருந்து, சூட்டின் அளவே கூடியிருக்கலாம். புரொப்பெல்லரில் ஆகாயத்தாமரை வேரோ அறுந்த வலையோ சுற்றினால் இன்ஜின் திணறும், கறும்புகை தள்ளும், வழக்கமான வேகத்தை எட்டாது. இதற்கு ஆற்றில் இறங்கித்தான் பார்க்க வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு.

நடு ஆற்றில் முள் ஏறினால் என்ன செய்வது? புரொப்பெல்லருக்குத் தேவையான திறன் ஏறக்குறைய சுழல்வேகத்தின் மும்மடிக்கேற்ப, அதாவது வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில் மாறும். நிமிடத்துக்கு 2,000 சுற்றிலிருந்து 1,600க்கு இறக்கினால் தேவை பாதியாகிவிடும், சூடும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இறங்கும். படகோ கொஞ்சம்தான் மெதுவாகும். ஆகவே தண்ணீர் கொட்டுகிற வரைக்கும் வேகத்தைக் குறைத்துக் கரை சேர்ந்துவிடலாம். கொட்டுவதே நின்றுவிட்டால் நங்கூரம் போட்டு இன்ஜினை அணைப்பது தவிர வழியில்லை. அணைத்த பிறகு முள் இன்னும் கொஞ்சம் ஏறும். ஓட்டம் நின்றதால் இரும்பில் இருக்கும் சூடு கூலன்டில் இறங்குகிறது, அவ்வளவுதான், பதற வேண்டாம். கூலன்ட் மூடியை மட்டும் தொடாதீர்கள். அந்த மூடி உள்ளே அழுத்தம் வைத்திருப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. திறந்த நொடியில் மொத்தமும் ஆவியாகப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். கொதிக்கிற இன்ஜினில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு ஊற்றுவதும் அப்படித்தான், வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

கடைசிச் சந்தேகம் ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டருக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு. வெளியே எங்கேயும் ஒழுகாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வரும். ஹோஸ்கள் ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே, சூடேறும் முன்பே கல்லாக இறுகும். ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதலில் வரும் சில குமிழிகள் உள்ளே நின்ற காற்றாக இருக்கலாம். விடாமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டருக்குள் எரியும் வாயு கூலன்டுக்குள் புகுகிறது. ஆயில் அளவுக் கம்பியை உருவி, காப்பி நிறத்தில் குழம்பியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அப்படி இருந்தால் அதற்குமேல் படகில் வைத்துச் செய்ய ஒன்றுமில்லை. ஹெட்டை இறக்கி, மட்டம் பார்க்க லேத் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.